பல்லி ஒட்டாத சுவர்

மதிப்பிற்குரிய அறிவியல் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

பல்லியின் காலில் பசை கிடையாது, அதன் பாதத்து நுண்முடிகளின் மூலக்கூறுகளும் சுவரின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று லேசாக இழுத்துக்கொள்கின்றன, அந்தக் கோடிக்கணக்கான சின்ன இழுப்புகள் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சாப்பிடும்போது மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டி, படுக்கையறைப் பல்லியை வைத்து விளக்கவும் செய்தேன். மறுநாள் காலை, "இந்தப் பல்லியோட என்னால இருக்க முடியாது" என்று சொல்லி, பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான்ஸ்டிக் பூச்சில் அந்த இழுப்பு மிகவும் குறைவு, பல்லி வழுக்கிவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள் அல்லவா? கேக் தட்டில் விரிக்கும் நான்ஸ்டிக் தாள்களை வாங்கிவந்து, பசை தடவிச் சுவரில் ஒட்டினேன். பல்லிக்கே ஒட்டாதது பசைக்கு மட்டும் ஒட்டுமா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. தாள்கள் ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தன. டியூப் லைட் பக்கத்தில் இருந்து பல்லி வேடிக்கை பார்த்தது. வேறு வழியில்லாமல் ஆணி அடித்தேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார்.

"என்ன சார், சுவத்த சல்லடையாக்குறீங்க?"

"பல்லிக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற ஈர்ப்பக் குறைக்கிறேன் சார்."

"நமக்கு நடுவுல இருந்ததையும் சேத்துக் குறைச்சிட்டீங்க. அடுத்த மாசம் காலி பண்ணுங்க."

அந்த நேரம் பார்த்து பல்லி தாளில் கால் வைத்தது. தாங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. வழுக்கி நேராக அவர் சட்டைக் காலருக்குள் விழுந்தது.

"பதறாதீங்க சார், துணியில அதுக்கு நல்ல பிடிமானம் உண்டு" என்றேன்.

"எடுய்யா மொதல்ல!" என்று குதித்தார். பல்லி அலமாரிக்குப் பின்னால் ஓடிவிட்டது. அவரிடமிருந்த 'சார்' அன்றோடு போய்விட்டது.

எனவே, நான்ஸ்டிக் தாளை ஒட்டவைக்கும் பசை எது என்று அடுத்த இதழில் தெரிவிக்கவும். நான் செய்தது விஞ்ஞானம்தான் என்று வீட்டுக்காரருக்குப் புரியும்படி இரண்டு வரியும் சேர்த்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

தங்கள் பக்கம் பல்லாண்டு வளரவும், தங்கள் வீட்டுச் சுவர்கள் சேதமில்லாமல் இருக்கவும் மனமார வாழ்த்தும்,

மாடி வீட்டு வாசகன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மனைவி போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி, மூலக்கூறு ஈர்ப்பை மறுபடி விளக்கத் தொடங்கினேன். "அக்கா வீட்லயும் ரெண்டு பல்லி இருக்குங்க. இங்க யாரும் அதப் பத்திப் பாடம் எடுக்கல, அவ்வளவுதான்" என்றாள். ஆகவே மேலே கேட்ட எதுவும் வேண்டாம். என் சந்தாவை இன்றோடு நிறுத்திவிடவும்.