நைட்ரஜன் மாப்பிள்ளை

கார் வாங்கிய முதல் மாதத்தில் எவனும் நிதானத்தில் இருப்பதில்லை. நான் ஒருபடி மேலே போய், அதே மாதத்தில் நிச்சயதார்த்தமும் வைத்துக்கொண்டேன்.

கார் பழையதுதான். (அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிந்தது.) கள்ளக்குறிச்சியில் ஒரு பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் நைட்ரஜன் பிடித்தேன். டயர் சூடாகாது, சீக்கிரம் இறங்காது என்று அங்கே சொன்னார்கள். அவர்கள் சொன்ன இரண்டு வரியை வீட்டுக்கு வந்து நான் ஒரு மணி நேரம் பேசினேன். சாதா காற்று கொஞ்சம் கலந்தாலும் டயர் வீணாகிவிடும் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

பெண் வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். பெயர் செல்வி. அங்கேயே பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தம் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். என் காரில் அம்மாவும், சீர்த்தட்டுகளும், பட்டுப்புடவையும்.

கச்சிராயபாளையம் வந்தபோது ஒரு டயரில் ஆணி. பக்கத்திலேயே பஞ்சர் கடை. கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் ஓட்டையை அடைத்துவிட்டுக் காற்றுக் குழாயை எடுத்து வந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். சாதா காற்று வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டுங்கள், கள்ளக்குறிச்சிக்கே திரும்பிப் போய் இந்த டயருக்கு நைட்ரஜன் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். ஸ்டெப்னியோடு மலை ஏறினால் என்னவென்று அம்மா கேட்டாள். மூன்றில் நைட்ரஜன், ஒன்றில் சாதா காற்று என்றால் வளைவில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்று விளக்கம் கொடுத்தேன்.

"கள்ளக்குறிச்சிக்கும் அதே ஸ்டெப்னிலதான சார் போவப்போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"அது கீழ் ரோடுங்க" என்றேன். (மேதை!)

பங்குக்குப் போனால் கரண்ட் இல்லை. மெஷின் ஓடவில்லை. கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அம்மா சீர்த்தட்டுப் பழங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பெண் வீட்டுக்குப் போன் போட்டால் மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. கடைசியில் நான்கு டயரிலும் சுத்த நைட்ரஜனோடு நான் கம்பீரமாகப் போய் இறங்கியபோது மணி பதினொன்று. ராகு காலம் வந்து அரை மணி நேரமாகியிருந்தது.

கூடத்தில் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வியின் பெரியப்பாதான் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்கிறவர். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கும் மனிதர், நேரம் தவறினால் பிடிக்காது. "மொத நாளே இப்படி ஆயிப்போச்சி. பொண்ணு குடுக்கறத யோசிச்சிதான் செய்யணும்" என்றார்.

பயம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் காலில் விழுவார்கள். நான் நைட்ரஜனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அதன் குணம், குளிர்ச்சி, சாதா காற்றின் கெடுதல் என்று விடாமல் பேசினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

தண்ணீர்ச் சொம்போடு செல்வி வந்தாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது:

"நீங்க இப்ப இழுத்து வுடற காத்துலயே முக்காவாசிக்கு மேல நைட்ரஜன்தாங்க. பசங்க புக்குலயே இருக்குது."

பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

"அப்ப மாப்ள வாயாலயே ஊதி ரொப்பிக்கினு வந்திருக்கலாமே?"

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் கூடமே சிரித்தது. பெரியப்பாவுக்கு இருமல் வந்து, எனக்கு வந்த சொம்புத் தண்ணீரை அவர் குடித்தார். அந்தச் சிரிப்பிலேயே ராகு காலம் கழிந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் தட்டு மாற்றினோம்.

எதை நம்பிச் சம்மதித்தாய் என்று பிற்பாடு செல்வியைக் கேட்டேன். எல்லார் முன்னாலும் தப்பைச் சொல்லியும் கோபப்படாமல் சிரித்துக்கொண்டு நின்றேனாம். உண்மையில் நான் சிரிக்கவில்லை. அதிர்ச்சியில் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

இப்போதும் மாமனார் வீட்டு வாசலில் என் கார் போய் நின்றால் பெரியப்பாதான் முதலில் வருவார். நான்கு டயர் பக்கமும் குனிந்து, கன்னத்தை உப்பவைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊது ஊதிவிட்டு, அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்து, "வாங்க மாப்ள" என்பார்.