செவ்வாய்தோறும் பெயர்நாள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதன்பின் உருப்படியாக எதையும் காணவில்லை, கிரேக்கத்துக் கலோலிமானி துறைமுகத்தில் 'விருந்தோம்பல் மேம்பாட்டுக் குழு' கூடும்வரை.

செவ்வாய்தோறும் வெள்ளைக் கப்பல் வரும். இறங்குபவர்களுக்குக் கரையில் ஒரே ஒரு பகல். அதை எப்படிக் கழிப்பதென்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது குழுவுக்குப் பொறுக்கவில்லை. கோயில் இடிபாடு என்றால் வெயில். கடற்கரையோ அவர்கள் ஊரிலேயே இருக்கிறது. பல கூட்டம் போட்டு, பானை பானையாகக் காப்பி குடித்து, தலைவி எவ்தாலியா அம்மையார் வழி கண்டார்: 'அசல் குடும்பத்தில் அசல் பெயர்நாள்'.

பெயர்நாள் என்பது தன் பெயருக்குரிய புனிதரின் திருநாள். அன்று வீட்டுக்கதவைத் திறந்து வைப்பார்கள். யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்புவதுமில்லை. இத்தனை உயர்ந்த வழக்கத்துக்கு டிக்கெட் இல்லாதது ஒன்றுதான் குறை. குழு அதை நிவர்த்தி செய்தது.

குடும்பமாகத் தேர்வானவர் பாந்தெலிஸ். மனைவியை இழந்தவர், படகை விற்றவர். ஆனால் மீசை பிரமாதம். அவருடைய புனிதர் ஜூலை கடைசியில் ஒருமுறைதான் வருவார். குழு தீர்மானம் போட்டு அவரைச் செவ்வாய்தோறும் வரவழைத்தது. புனிதர் ஆட்சேபிக்கவில்லை. பாந்தெலிஸின் ஒரே மகள் போப்பி அதே கப்பலின் அடித்தளத்தில் விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள், கரையிறங்க அனுமதியில்லை. ஆகவே பக்கத்து ஊர் நாடகக் குழுவிலிருந்து நல்ல பல்வரிசையுள்ள 'மகள்' ஒருத்தி வந்தாள். பாந்தெலிஸுக்கு முதல் வாரம் கூசியது. அப்புறம் வசனம் தானாக வாயில் வந்தது.

அந்த ஆண்டு உண்மையான பெயர்நாளும் செவ்வாயில் விழுந்தது. போப்பி தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, மேலாளர்கிட்ட கெஞ்சி ரெண்டு மணி நேரம் லீவு வாங்கிட்டேன். சாப்பிட வர்றேன்."

குளிர்காலத்துக்குப் பிறகு அவர் மகளைப் பார்க்கவில்லை. அந்த ஒருநாள் மட்டும் நிகழ்ச்சி வேண்டாமென்று குழுவிடம் மன்றாடினார். எவ்தாலியா உண்மையாகவே வருந்தினார். "அசல் பெயர்நாள் அன்னிக்கே அசல் பெயர்நாளை ரத்து பண்ணினா, நம்ம நம்பகத்தன்மை என்ன ஆகும், பாந்தெலிஸ்?"

அவர் மகளுக்குப் பிடித்த அரிசி அடைத்த தக்காளியைச் சமைத்து, ஒரு தட்டு மட்டும் விருந்தாளிகள் கண்ணில் படாமல் அடுப்புக்குள் ஒளித்து வைத்தார்.

போப்பி வந்தபோது வாசலில் எவ்தாலியா நின்றிருந்தார்.

"என்னைத் தெரியலையா அத்தை?"

"தெரியாம என்னடி? ஞானஸ்நானத்தப்போ உன்னைக் கையில ஏந்தினவளே நான்தான். டிக்கெட் இருக்கா?"

"எங்க அப்பா வீடு."

"இல்லேங்கலையே. ஆனா உள்ள ஏற்கெனவே ஒரு மக இருக்கா. நீயும் போனா விருந்தாளிங்க குழம்பிடுவாங்க."

உள்ளே பாந்தெலிஸ் கோப்பையை உயர்த்தியிருந்தார். 'எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவரை நாங்கள் திருப்பியதே இல்லை' என்று முடித்து, பழக்கதோஷத்தில் வாடகை மகளின் தோளில் கை வைத்தார்.

"இவதான் என் ஒரே பொண்ணு."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். வாசலில் போப்பி. அவள் திரும்பி நடந்தாள். அவர் எழுவதற்குள் விருந்தாளிகள் வட்டமாக ஆட அவர் கையைக் கோத்துக்கொண்டார்கள். ஆடிக்கொண்டே அழுதார். கைதட்டல் அடங்கவில்லை. அவர் பிய்த்துக்கொண்டு துறைக்கு ஓடியபோது அவள் கப்பலேறிவிட்டிருந்தாள்.

மறுநாள் குழு கூடியது. அன்றுவரை கிடைக்காத பாராட்டு கிடைத்திருந்தது: கிழவரின் கண்ணீர் அத்தனை தத்ரூபமாம். அதை வாராவாரம் வழங்க இயலுமா என்று எவ்தாலியா கேட்டார்.

"இயலும்," என்றார் பாந்தெலிஸ். "வாராவாரம் என் பொண்ணை என் வாசல்லேர்ந்து விரட்டுங்க. அழுறேன்."

குழு அதை ஆக்கபூர்வமான யோசனையாகப் பதிவு செய்து, ஒருமனதாக நிறைவேற்றியது.