எதுக்கும் பாஸ் வாங்கித் தந்த லெப்டொப்

உலகத்தில் எந்தப் பொருளும் ஒன்று மட்டும் இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் எதுக்கும் பாஸ்தான். டிக்கோயாப் பக்கம் எங்கள் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்த்தவர். அந்த வேலை செய்பவரை நாங்கள் பாஸ் என்போம். 'எதுக்கும்' என்பது அவராகச் சம்பாதித்த பட்டம். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார். ஏன் என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பார்.

இரண்டு டோர்ச், இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு கைக்கடிகாரம். கடிகாரங்கள் இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. தன் தங்கச்சி ஒருத்தியின் கல்யாணத்துக்கு எதுக்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஐயர்களுக்குச் சொல்லிவைத்தார். ஹட்டனிலிருந்து ஒருவரும் நல்லதண்ணியிலிருந்து ஒருவரும் வந்து இறங்கி, மணவறையில் யார் உட்காருவது என்று முறைத்துக்கொள்ள, மாப்பிள்ளை பாவம், அரை மணித்தியாலம் நின்றுகொண்டிருந்தார். இப்படி எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்திருந்த மனிதர், தனக்கென்று கல்யாணம் மட்டும் ஒன்றுகூடச் செய்துகொள்ளவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் இருக்கும். கொழும்பு அலுவலகம் ஒன்றிலிருந்து எனக்கு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் சொந்தமாக லெப்டொப் வேண்டும். முதல் புத்தகத்தைச் சொன்ன திங்கட்கிழமை கொடுத்தே ஆக வேண்டும், தவறினால் அடுத்தது கிடையாது. என்னோடு படித்தவர்கள் எல்லாம் கொழும்பில் ஆறுபேர் படுக்கும் போர்டிங் அறைகளில் இருந்தார்கள். எனக்கு அப்பா அம்மாவை விட்டுப் போக விருப்பமில்லை. அந்த வேலை எனக்கு உயிர்.

"மெஷின் வாங்கப் போறப்ப மெஷின் தெரிஞ்ச ஆளு கூட வேணும்" என்று பாஸ் தானாகவே பஸ் ஏறிவிட்டார். அப்பாவுக்கு அவர் மச்சான், எனக்கு மாமா. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஹட்டனில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் கொம்பியூட்டர் கடை. 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்று சொல்லும் நானா பொறுமைசாலி. அவருடைய பொறுமை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சோதிக்கப்பட்டது.

"நானா, இதுல ஞாபக சக்திக்கு என்னமோ போடுவாங்களாமே?"

"ரெம். ஒண்டு உள்ளுக்கு ஈக்கி. இன்னொண்டு போட இடமும் ஈக்கி. போட்டா வேகமா ஓடும்."

"அப்ப இன்னொண்ணையும் குடுங்க. உள்ள போடாதீங்க, கையில குடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

"கையில வச்சிட்டு என்ன செய்யிற பாஸ்? உள்ளுக்குப் போட்டாத்தானே பிரயோசனம்?"

"உள்ள இருக்கிறது செத்துப்போனா?"

இந்த வாதம் முடிய ஒரு கோப்பைப் பிளேன்டி ஆறிப்போனது. கடைசியில் நானா ரெம்மை உள்ளே போட்டார். பாஸ் அதற்குப் பதிலாக இன்னொரு பெட்டரி கேட்டு வாங்கினார். மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அடுத்தது வொரண்டி. ஒரு வருடம் என்றால் நாங்கள் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று வருடம் என்றால் கம்பெனி ஆள் வீடு தேடி வருவார்.

"வர்ற ஆளக் காட்டுங்க" என்றார் பாஸ்.

"அவர் கொழும்பில ஈக்கிறார் பாஸ்."

"வர்ற வழியில கினிகத்தேனையில மண்ணு சரிஞ்சா என்னா செய்வாரு? நடந்து வருவாரா?"

"அதெல்லாம் வொரண்டியில எழுதல்லயே."

"அப்ப எழுதுங்க."

நானா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தேன். பில்லின் பின்பக்கத்தில், மண்சரிவு ஏற்பட்டாலும் ஆள் வருவார் என்று நானா தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாஸ் அதை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவிடம் சேதி சொல்லிவிட்டு நான் திரும்பி வருவதற்குள் லெப்டொப் குப்புறக் கிடந்தது. பாஸ் அதன் வயிற்றுக்குள் இருந்தார். தொழிற்சாலைக்குப் புது மெஷின் வந்தால் அதை அப்படியே ஓட்டமாட்டார்கள். பாஸ் ஒருமுறை கழற்றி, நட்டெல்லாம் முடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் ஓட்டுவார்கள். அதுதான் அங்கே முறை. இங்கேயும் அவர் முறை தவறவில்லை.

"என்னா மாமா செஞ்சீங்க?"

"புது மெஷின அனுப்புறவன் என்னைக்குப் புள்ள ஒழுங்கா முடுக்கியிருக்கான்? ஆறு ஸ்க்ரூ லூசு. இப்பப் பாரு, கல்லு மாதிரி இருக்கு."

இரண்டாகக் கிழிந்து கிடந்த சின்ன ஸ்டிக்கரை எடுத்து, அதிலிருந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னேன். இது கிழிந்தால் வொரண்டி செல்லாது. மூன்று வருட வொரண்டி ஹட்டனிலிருந்து டிக்கோயா வரைக்கும்தான் தாங்கியது. பாஸ் அந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"அந்தப் பாவி ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கக் கூடாதா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் லெப்டொப் நன்றாகவே ஓடியது. நானும் கோபத்தை மறந்து வேலையில் இறங்கினேன். புத்தகம் முடிய இன்னும் பத்துப் பக்கம் இருக்கும்போது, அந்தத் திங்களுக்கு முந்திய வியாழக்கிழமை, அது கறுத்துப்போய் நின்றுவிட்டது. எந்தப் பெட்டரியைப் போட்டும் எழும்பவில்லை. செய்ததெல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

சேதி கேட்டு பாஸ் ஓடி வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக, பழுதான மெஷின் ஒன்றின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் தொட மாட்டேன் புள்ள" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பினார். கினிகத்தேனையில் உண்மையாகவே மண் சரிந்திருந்தது. நானாவின் கையெழுத்தை நம்பாமல், சேற்றில் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடித்திருக்கிறார். கம்பெனியில் போய் நின்று, "நான்தான் கழட்டினேன், புள்ள மேல தப்பு இல்ல" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். பாஸ் ஸ்க்ரூவை எல்லாம் முடுக்கியவர், கழற்றித் திரும்பப் போட்ட ரெம்மை மட்டும் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தாராம், அது மெல்ல மெல்லக் கழன்றுவிட்டதாம். அங்கிருந்தவர் திட்டி, பிறகு சிரித்து, அழுத்திக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் பாஸ் வாசலில் நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. லெப்டொப்பைத் தன் மழைக்கோட்டில் சுற்றி, அதன் மேல் ரப்பர் சீட்டு ஒன்றையும் கட்டியிருந்தார். அதில் ஒரு பொட்டு ஈரமில்லை. நான் பொத்தானை அழுத்தினேன். நான் இன்னும் செய்யாத அந்தப் பத்துப் பக்கம் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

கூடவே வந்த ரசீதை அப்பா எடுத்து உரக்க வாசித்தார். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். கொண்டுவந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில், தந்தை.

"அப்ப நான் யாரு மச்சான்?" என்று அப்பா சிரித்தார்.

பாஸுக்கு முகம் சிவந்துபோனது. "சொந்தக்காரங்க கையிலதான் திருப்பிக் குடுப்போம்னாங்க. மாமான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன் மச்சான், அதுக்குள்ள..." என்று இழுத்தார். அப்பா துவாயை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அந்தப் பத்துப் பக்கத்தையும் முடித்தேன், திங்களன்று புத்தகம் கொழும்பு போய்ச் சேர்ந்தது. இன்றுவரை அதே வேலையில், அதே வீட்டில்தான் இருக்கிறேன். அந்த ரசீதும் என்னிடம் இருக்கிறது. அதில் பிழை இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.