வெள்ளவத்தையின் அகன்ற பத்து ரூபா

சிரிப்பு உண்டு. அதற்கு நான் பொறுப்பு. ஆனால் உடனே தரமுடியாது. சிரிப்பு தற்போது பரிசீலனையில் இருக்கிறது. வாசகர்கள் பொறுமையாக அமர்ந்து, வெள்ளவத்தை நாணயப் பிழை ஆராய்ச்சி மன்றத்தின் வரலாற்றை முதலில் படித்து முடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

ஐந்து வருடத்துக்கு முதல் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் மீன்தொட்டி வைத்தார்கள். பிறகு எல்லோரும் காலையில் நடந்து, நடந்த அடிகளை எண்ணி, எண்ணினதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். இப்போது மூன்று வருடமாகப் பிழை நாணயம். அச்சடிக்கும்போது பிழைத்துப்போன நாணயக் குத்திக்கு வெளிநாட்டில் பெரிய மவுசு என்று ஆரோ ஒருவர் வீடியோவில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு காலி வீதிக் கடைகளில் மீதிச் சில்லறை வாங்கின ஒருவரும் அதை நேரே பொக்கற்றில் போட்டதில்லை. வெயிலுக்குத் தூக்கிப்பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பின்னால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

மன்றத்தின் தலைமைப் பரிசோதகர் எங்கள் மேல்மாடி நாகேந்திரம் அங்கிள். ஒரு அரசாங்கத் திணைக்களக் கந்தோரில் முப்பத்திநாலு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். சேர்ட்டுப் பொக்கற்றில் இன்னும் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனை. பச்சைப் பேனை இறுதித் தீர்ப்புக்கு மட்டும்.

அவர் பிரிக்கிற முறை இதுதான். இயந்திரம் குத்தியை அடிக்கும்போது ஏதாவது நடந்தால் அது பிழை. குத்தி வெளியில் வந்தபிறகு சுத்தியல், பல்லு, ஓட்டோச் சில்லு, எது பட்டாலும் அது சேதம். இதை அங்கிள் இன்னும் சுருக்கமாகச் சொல்லுவார்: "கந்தோர் செய்தால் பிழை, பிள்ளை. அதுக்கு மதிப்பு. சனம் செய்தால் சேதம். அதுக்குத் தண்டனை."

மூன்று வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு குத்திகளைப் பரிசீலித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டும் சேதம்.

இதில் ஒன்று கௌரி அக்காவின் குத்தி. சந்தியில் இடியப்பப் பார்சல் விற்கிறவ. அவ கொண்டுவந்தது சத்தியமான பிழை. படம் முழுக்க ஒரு பக்கம் நகர்ந்து, மற்றப் பக்கம் பிறை மாதிரி வெறுமையாகக் கிடந்தது. விளிம்பில் பாதி எழுத்தைக் காணவில்லை, ஆனால் இருந்த பாதி கூராக, புதுசாக இருந்தது. அங்கிள் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. நாணயச்சாலையின் கடிதம் எங்கே என்று கேட்டார். 'இது எங்களிடம்தான் பிழைத்தது' என்று நாணயச்சாலை எழுதிக் கொடுக்காதபடியால் அது சேதம் என்றார். அக்கா அந்தக் குத்தியை மட்டக்குளி பஸ் கொண்டக்டரிடம் டிக்கெற்றுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனா.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை வருடாந்தப் பொதுக்கூட்டம். அங்கிளின் பதவிக்கு கொட்டாஞ்சேனை ராமசுப்பிரமணியன் முதலாளி போட்டிக்கு நிற்கிறார். புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். பிழை மன்றத்தில் மூன்று வருடமாக ஒரு பிழையும் பிடிக்காத பரிசோதகர் எதற்கு என்று வீடுவீடாகக் கேட்டுக்கொண்டு திரிந்தார். உறுப்பினர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஞாயிறுக்குள் ஒரு பிழை அகப்படாவிட்டால் அங்கிளின் பதவி போகும். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே கதிரை அது.

ஆகவே நான் உதவி செய்யத் தீர்மானித்தேன்.

புதன்கிழமை பின்னேரம் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில், கடற்கரைத் தண்டவாளத்தில் ஒரு பத்து ரூபாவை வைத்தேன். காலிக்குப் போகிற ரயில் அதன்மேல் போனது. எடுத்துப் பார்த்தால் ஆரோ சப்பித் துப்பினமாதிரி மெலிந்து நீண்டு கிடந்தது. எழுத்தெல்லாம் தெற்குப் பக்கம் ஓடத் தொடங்கிப் பாதியில் நின்றிருந்தது.

பிறகு அங்கிளுக்குப் போன் எடுத்தேன். நான் போட்ட குரல், தடிமன் பிடித்து மூக்கடைத்த எங்கள் கணித ரீச்சருடையது. தமிழ், கந்தோர்ச் சுற்றறிக்கையுடையது.

"வணக்கம். நாணய அலுவல்கள் பணிப்பகத்தின் மேலதிகப் பிரதிப் பணிப்பாளர். குத்தி விரியாமல் பிடிக்கும் வளையத்தில் இடப்படாது அடிக்கப்பட்ட சில பத்து ரூபாக்கள், எமது தவறினால் புழக்கத்துக்கு விடப்பட்டுள்ளமை தங்களது மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகின்றது."

மேல்மாடியில் கதிரை பின்னால் தள்ளுப்பட்ட சத்தம் எனக்குக் கீழே கேட்டது. அங்கிள் எழும்பி நின்றுவிட்டார். எட்டுத்தரம் "யெஸ் மெடம்" சொன்னார்.

உண்மையில் வளையம் இல்லாமல் அடித்த குத்தி அகலும், ஆனால் எழுத்து முழுசாக இருக்கும். வீடியோ பார்த்த எனக்கே அது தெரியும். அடுத்தநாள் என் குத்தியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"எழுத்தெல்லாம் தேஞ்சுபோச்சே, அங்கிள்?"

"தேயேல்லை. விரிஞ்சிருக்கு."

"ஒரே பக்கமா இழுபட்டுக் கிடக்கு?"

"அடிச்சவர் ஒரு பக்கம் சாஞ்சு நிண்டிருப்பார். நாள் முழுக்க ஆராலும் நேரா நிக்கேலுமே?"

"கறுப்பா ஏதோ ஒட்டியிருக்கு."

"அச்சு மை."

"குத்தி அடிக்க மை பூசுறவையோ?"

"இல்லை. அதுதான் பிழை."

பச்சைப் பேனை திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. அங்கிள் சான்றிதழை வாசித்தார்: "மேற்படி நாணயமானது, உரிய அதிகாரிகளின் உரிய கவனக்குறைவினால், உரிய முறையில் பிழைத்தது என இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது." பிறகு ராமசுப்பிரமணியன் முதலாளி எழும்பினார். இனித்தான் சண்டை என்று நான் நிமிர்ந்து இருந்தேன். அவர் பொக்கற்றிலிருந்து கைலேஞ்சியை எடுத்து முடிச்சை அவிழ்த்தார்.

"ஐயா, இதே பிழை எங்கிட்டயும் மூணு இருக்கு. உங்க கையால எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நான் எதுக்குப் போட்டிக்கு நிக்கிறேன்?"

அவருடைய மூன்றும் என்னுடையதைவிட நீளம். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது. ஒருவரிடம் ஐந்து. இன்னொருவரின் குத்தியில் தண்டவாளச் சல்லிக்கல் ஒரு துண்டு இன்னும் ஒட்டியிருந்தது. அங்கிள் எல்லாவற்றுக்கும் பச்சைக் கையெழுத்து வைத்தார். போட்டியின்றி இன்னும் மூன்று வருடத்துக்குத் தெரிவானார்.

இதற்குமேல் என்னால் தாங்கமுடியவில்லை. எழும்பி நின்று, அந்த முதல் குத்தி பிழையே இல்லை, நான் ரயிலுக்கு வைத்தது என்று சொல்லிவிட்டு, மண்டபம் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிள் பேனை மூடியைத் திரும்பக் கழற்றினார்.

"எத்தனை மணி ரயில்?"

"அஞ்சேகாலுக்கு வரவேண்டியது."

"வந்தது?"

"ஆறு மணிக்கு."

அவர் சபையைப் பார்த்தார். "ரயில் அரசாங்கத்தின்ர. பிந்தினதும் அரசாங்கம். அப்ப இது சனம் செய்த சேதமில்லை. பிழைதான்."

மண்டபம் கைதட்டியது. பழக்கதோஷத்தில் நானும் தட்டினேன்.

தேத்தண்ணி கொடுக்கும்போது அங்கிள் ஒரு பற்றிஸோடு என் பக்கத்தில் வந்து நின்றார். முதலே தெரியுமா என்று கேட்டேன்.

"இந்த ரயில் லைனுக்குப் பக்கத்தில முப்பது வருஷம் இருக்கிறன். நசிஞ்ச குத்தி தெரியாதே? எனக்கு ஞாயிறுக்குள்ள ஒண்டு வேணும். நீ கொண்டுவந்து தந்தாய்."

"அப்ப அந்த மெடம்?"

"குரல் நல்லம். எழும்பி நிண்டது என்ர பழக்கம், அதைப் பெரிசா எடுக்காத." பற்றிஸை ஒரு கடி கடித்தார். "ஆனா பிள்ளை, முப்பத்திநாலு வருஷத்தில ஒரு பிரதிப் பணிப்பாளர் தானாப் போன் எடுத்து, எங்களில பிழை எண்டு சொன்னதை நான் கண்டதில்லை. அடுத்தமுறை கடிதமாப் போடு. மூண்டு மாசம் பிந்தி வரோணும். அப்பதான் ஆரும் நம்புவினம்."