அம்மாவின் சிரிப்பைத் திருடியவர்கள்

செத்துப்போன அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்துக்குக் கீழே, ‘வலியே இல்லாமல் பல் கட்டலாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

படம் எடுத்த மகனுக்கு ரத்தம் கொதித்தது. யாரிடமும் சம்பளத்துக்குப் போகாமல், சொந்தக் காமிராவை நம்பிப் பிழைக்கிற போட்டோகிராபர் அவன். கடைசிவரை அக்கா வீட்டில் இருந்த அம்மா, காமிராவைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொள்வாள். மனம்விட்டுச் சிரித்த படம் அது ஒன்றுதான்.

“என் தளத்துலேர்ந்து சுட்டிருக்கானுங்க,” என்றான் மனைவியிடம்.

“போன் பண்ணிக் கேளுங்களேன்.”

“திருடன்கிட்ட என்ன பேச்சு?”

பேசவில்லை. வக்கீலை வைத்து நோட்டீஸ் விட்டான். அதோடு நின்றிருக்கலாம். இனி எவனும் கை வைக்கக் கூடாதென்று, படங்களின் மேல் தன் பெயரைப் பதிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கினான். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள் என்று நட்டநடுவில், பட்டையாகப் போடச் சொன்னான்.

வேலை சுத்தமாக முடிந்தது. முடிந்த பிறகுதான், நகல்களுக்குப் பதிலாக மூலப் படங்கள் இருந்த ஃபோல்டரைக் காட்டித் தொலைத்திருப்பது தெரிந்தது. பத்திரத்துக்கென்று வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கும் அதற்குள் சமர்த்தாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அவன் தளத்திலும் பழைய படங்கள் போய், பெயர் போட்டவையே ஏறியிருந்தன. அந்தப் படத்தை அவன் அப்போதே அனுப்பியிருந்த அம்மாவின் போனை அக்கா எப்போதோ துடைத்து அழித்து யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

திரையில் அம்மாவின் வாய்க்குக் குறுக்கே அவன் பெயர் கிடந்தது.

“அத்தை மறுபடியும் வாயைப் பொத்திக்கிட்டாங்க,” என்றாள் மனைவி.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. “நல்ல படம் இப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அந்தத் திருடன்கிட்ட.”

மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பெயரைச் சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண் பதறி எழுந்தாள்.

“அழிச்சாச்சு சார்! நோட்டீஸைப் பாத்ததும் டாக்டர் ஆடிப்போயிட்டார். கம்ப்யூட்டர், போன், எதுலயும் சுவடே இல்லாம பண்ணிட்டோம்.”

“திருடினவங்க ஒரு காப்பிகூடவா வச்சுக்க மாட்டீங்க?” என்றான்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“திருடலை சார். எங்ககிட்ட பல்லு கட்டிக்கிட்ட சந்தோஷத்துல, ‘என் பையன் எடுத்த படம், நாலு பேர் பாக்கட்டும்’னு அனுப்பி வச்சதே உங்கம்மாதான்.”