பூ பூத்தாச்சு, நாற்காலியை அனுப்பு

என் ஆசைத் தம்பிக்கு, சின்ன வயசில் உன்னை இடுப்பில் சுமந்து சுமந்தே ஒரு பக்கம் சாய்ந்துபோன அக்கா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் மச்சானும் பூவும் சுகம். அங்கு நீயும் உன் பொண்டாட்டியும் என் நாற்காலியும் சுகமா? ஆமாம், என் நாற்காலிதான். அப்பாவோட சாய்வு நாற்காலியில இன்னைக்கே ஒருதரம் நல்லா சாஞ்சு படுத்துக்கோ, இனிமே கிடைக்காது.

நீ கொடுத்த காட்டுப்பூ விதை முளைச்சு, போன வருஷம் பூரா தரையோட தரையா இலையை விரிச்சுக்கிட்டுக் கிடந்துச்சே, அதைப் பார்த்துட்டு நீ என்ன சொன்னே? "அக்கா, இதைப் பிடுங்கி ஆட்டுக்குப் போடு. இது பூத்தா அப்பா நாற்காலி உனக்கு"ன்னே. உன் பொண்டாட்டி சாட்சி. அன்னைக்கிலிருந்து செடிக்கு என்கிட்ட நிம்மதியில்லை. பாத்திரம் கழுவப் போனா ஒரு அதட்டல், துணி காயப்போடப் போனா ஒரு கெஞ்சல். உன் மச்சான் வேற, ஸ்கூட்டர் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், எதையும் கழட்டிப் பார்க்காம விடமாட்டார், "வேர் இருக்கா பாப்போம்"னு பிடுங்கிப் பார்த்துட்டுத் திரும்ப நட்டு வெச்சார். குளிர்ல இலை கருகிச்சு. அப்புறம் அவரே ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு வந்து அது மேலேயே ஸ்டாண்ட் போட்டார். நான் போட்ட சத்தத்துல எதிர்வீட்டுக்காரர் பாதி சவரத்தோட ஓடி வந்தார். செடி மட்டும் அசரலை. நம்ம குடும்பத்துப் பிடிவாதம் அதுக்கும் ஒட்டிக்கிச்சு போல.

இந்த வருஷம் வெயில் ஏறினதும் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பிச்சு பாரு, ஜன்னலைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, உச்சி பூரா மஞ்சப் பூ. தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. தான் பிடுங்கி நட்டதாலதான் இந்த வளர்த்தின்னு உன் மச்சான் எல்லார்கிட்டயும் அளக்குறார். அளக்கட்டும். ஜெயிச்சவ எதுக்குப் பேசணும்?

ஆகவே தம்பி, நாற்காலியைத் துடைச்சு, சாக்கு சுத்தி அனுப்பு. நம்பிக்கை இல்லைன்னா நாற்காலியைக் கையோட எடுத்துக்கிட்டு நேர்ல வந்து, கண்ணாரப் பூவைப் பார்த்துட்டுப் போ. உன் வீட்டில் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு மட்டும் நாற்காலி வந்து சேர்ந்தப்புறம்.

இப்படிக்கு,
ஜெயிச்ச அக்கா

பி.கு.: நேர்ல வர வேணாம். ஸ்டாம்பு வாங்க மறந்து இந்தக் கடிதம் அலமாரியிலேயே கிடந்துச்சு. அதுக்குள்ள செடி காஞ்சு வெறும் குச்சியா நிக்குது. ரெண்டாம் வருஷம் பூத்ததும் செத்துடுறதுதான் அதோட குணமாம், எதிர்வீட்டுக்காரர் சொல்றார். உன் மச்சான் எடுத்த போட்டோவுல அவர் கட்டைவிரல்தான் நல்லா பூத்திருக்கு. ஆனா விதை ஏராளமா கொட்டிக் கிடக்கு. அடுத்த வருஷம் இலை, அதுக்கு அடுத்த வருஷம் பூ. அப்போ வந்து பாரு. பார்க்கிறவரைக்கும் காத்திருக்க எனக்கு உட்கார ஒண்ணு வேணும்ல, நாற்காலியை மட்டும் இப்பவே அனுப்பிடு.