கறுப்பு கில்பர்ட் தலையில் கை வைத்த கதை

இந்த வருஷம் மாரீனிடம் உண்மையைச் சொல்லக் கூடாது. சனிக்கிழமை காலை முகம் மழிக்கும்போதே டெரிக் பில்லிங்டன் இந்த மகத்தான முடிவை எடுத்துவிட்டார்.

"முதுகு எப்படியிருக்கு?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"குனியவும் முடியல, நிமிரவும் முடியல."

"அப்போ நடுவுல எங்கயோ நிக்குது. டார்பி வைத்தியர்கிட்ட நல்லாக் காட்டிட்டு வா, வாத்து."

அந்தப் பக்கத்தில் பாசம் வந்தால் யாரையும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தாலும் அதேதான். எது வந்திருக்கிறது என்பதைக் கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாக டெரிக் அதைத் தப்பாகவே கண்டுபிடித்து வந்தார்.

முதுகுவலிக்கு வயது மூன்று வாரம். பின்னறைச் சுவரில் ஒட்டியிருந்த ஊதாப்பூக் காகிதத்தைச் சுரண்ட வேண்டும் என்று மாரீன் சொன்ன அதே நிமிஷம் அது பிறந்தது.

பத்து மணிக்கு, குனியவும் நிமிரவும் முடியாத டெரிக், கிரிம்ஸ்லி காட்டில் ஒரு ஓக் மரத்தின் உச்சியில் இருந்தார். அங்கே அப்போது ஆண்டு 1196.

வருஷத்துக்கு ஒருமுறை முப்பது பேர் கூடி விளையாடும் வேஷ விளையாட்டு அது. பாதிப்பேர் பழங்காலத்து மடாதிபதி, சிப்பாய், தூக்குப்போடுகிறவன். மீதிப்பேர் இன்றிலிருந்து போகும் காலப்பயணிகள். நண்பர் கிளைவின் தோட்டக் கொட்டகைக் கதவைக் கழற்றி வந்து இரண்டு மரங்களுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அதன் வழியாக நுழைந்தால் எண்ணூறு வருஷம் பின்னால் போய்விடலாம். போனவர்கள் காட்டுக் கொள்ளையன் கறுப்பு கில்பர்ட்டைப் பிடித்து, அவன் இடுப்பிலிருக்கும் ஊதுகொம்பைப் பறிக்க வேண்டும். தேவாலயக் கடிகாரம் நாலு அடிக்கும்போது கொம்பு யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் அடுத்த வருஷத்துக் கில்பர்ட்.

இந்த வருஷம் கில்பர்ட், டெரிக். அதற்கு முன் ஒன்பது வருஷத்தில் அவர் ஐந்து தடவை தொழுநோயாளி, ஒருமுறை தூக்கில் தொங்கும் பிணம், மூன்று முறை குதிரையின் பின்பாதி. கொம்பு போனால் மறுபடி குதிரைதான். முன்பாதி கிளைவின் மச்சானுக்கு நிரந்தரம்.

விளையாட்டில் ஒரே ஒரு புனிதமான விதி உண்டு. டெரிக்கே எழுதி, அட்டையில் அச்சடித்துக் கொடுத்தது. இடது கையைத் தலைமேல் வைத்தால் நீங்கள் அங்கே இல்லை. யாரும் உங்களைப் பார்க்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. நீங்களும் வாய் திறக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போக, விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேட, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேநீருக்கு. 1196இல் இங்கிலாந்தில் தேநீர் ஏது? அதனால் மூன்றரை மணிக்கு முப்பது பேரும் மரத்தடியில் ஒரு கை தலையில், ஒரு கை கோப்பையில் என்று மௌனமாக நிற்பார்கள். போன வருஷம் தேநீரின்போது "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டுவிட்ட ஒருவரைப் பற்றி டெரிக் மூன்று பக்கப் புகார் எழுதி, மாரீனிடமும் படித்துக் காட்டினார்.

இந்தத் தடவை தேநீருக்கு பிஸ்கட் இல்லை. டப்பாவை டெரிக் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இருபத்தொன்பது ஜோடிக் கண்கள் அவரைச் சுட்டன. விதிப்படி யாரும் திட்ட முடியவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவர் மறுபடி மரத்தில். கீழே பதினோரு காலப்பயணிகள் கயிற்றோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பதினைந்தே நிமிஷம்!

கொட்டகைக் கதவு திறந்தது.

நீல மழைக்கோட்டு. காய்கறிப் பை. மாரீன்.

டெரிக்கின் பிடி கிளையிலிருந்து நழுவியது. அவர் மரத்திலிருந்து இறங்கவில்லை, விழுந்தார். அதுவும் நேராக அவள் காலடியில். பதினோரு கயிறுகளும் பாய்ந்தன. டெரிக் சட்டென்று எழுந்து இடது கையைத் தலைமேல் வைத்தார். கயிறுகள் அப்படியே நின்றன.

மடாதிபதி வேஷத்திலிருந்த கிளைவ் ஓடிவந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நடுவரும் அவரே.

"வாங்க மாரீன்! பிஸ்கட் டப்பாவுக்காக மத்தியானம் போன் பண்ணேன். இவ்வளவு தூரம் நீங்களே..."

"டார்பி வைத்தியர்கிட்ட பிஸ்கட் டப்பா எதுக்குன்னு யோசிச்சேன். சரி, நேர்லயே பார்த்துடலாம்னு வந்தேன். டெரிக் எங்க?"

கிளைவ் டெரிக்கைப் பார்த்தார். தலைமேலிருந்த கையைப் பார்த்தார். நேர்மையான மனிதர்.

"இங்க இல்லைங்க."

"நல்லவேளை." மாரீன் டெரிக்கின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று, அவருக்குப் பின்னாலிருந்த மரத்தைப் பார்த்துப் பேசினாள். "பாவம், மூணு வாரமா முதுகு. கையைத் தோளுக்கு மேல தூக்கவே முடியாது. சுவரைச் சுரண்டுன்னு சொன்னா கண்ணுல தண்ணி வந்துடும்."

டெரிக் தலைமேலிருந்த கையை அண்ணாந்து பார்த்தார். இறக்கினால் பதினோரு கயிறு. இறக்காவிட்டால் இந்தப் பேச்சு.

"கிளைவ், ஒரு சந்தேகம். நானும் காலப்பயணிதானே?"

"கதவு வழியா வந்தா காலப்பயணிதான்."

"தலையில கை வச்ச ஆளு இல்ல, சரி. அந்த ஆளு மேல இருக்கிற சாமான்?"

கிளைவ் அங்கியைத் தூக்கிக் கால்சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். கண்ணாடி போட்டார். படித்தார். மறுபடி படித்தார்.

"ஆளைப் பத்தித்தான் போட்டிருக்கு. சாமானைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே!"

"யாரு எழுதினது?"

"டெரிக்."

"கெட்டிக்காரன். அப்போ இங்க அந்தரத்துல ஒரு கொம்பு தொங்குதே, அதை நான் எடுத்துக்கலாமா?"

டெரிக் வாயைத் திறந்தார். கிளைவ் கடுமையாக இருமினார். இல்லாதவர் பேசக் கூடாது. தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது.

மாரீன் நிதானமாக முடிச்சை அவிழ்த்தாள். கொம்பு போயிற்று. "அந்தரத்துல ஒரு குல்லாய் வேற!" கறுப்புக் குல்லாயும் போயிற்று. "அட, கார் சாவி!" கையை இறக்குவதா வேண்டாமா என்று டெரிக் யோசித்து முடிப்பதற்குள் கடிகாரம் நாலு அடித்தது.

"கறுப்பு கில்பர்ட் வாழ்க!" என்று காடே கத்தியது. புதிய கில்பர்ட் எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தாள். இல்லாதவருக்குக் கொடுக்கவில்லை.

காரை மாரீன் ஓட்டினாள். வழி முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால்கூட டெரிக் பிழைத்திருப்பார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேசினாள்.

"வைத்தியம் பிரமாதம், வாத்து. கால் மணி நேரம் கை மேலயே நின்னுதே! சுவர்ல மேல்பக்கம் சுரண்ட அந்த உயரம்தான் சரியா இருக்கும்."

பாசமா, கோபமா? இந்தத் தடவை டெரிக் சரியாகவே கண்டுபிடித்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. ஏணியின் உச்சியில், கையில் சுரண்டியோடு, ஈரமான ஊதாப்பூக் காகிதம் காதுமேல் விழ விழ டெரிக் அலறினார்.

"மாரீன்! ஏணி ஆடுது! கொஞ்சம் பிடியேன்!"

 கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோர நாற்காலியில், கறுப்புக் குல்லாயோடு, மாரீன் வலது கையால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

இடது கை தலைமேல் இருந்தது.